உயரத்தை அளந்த பால் பெர்ட்

லேபில் ப்ரஷர் கேஜைப் பார்த்து ரீடிங் எழுதுகிறோமே, அந்த அழுத்தம் குறைந்தால் மனுஷ உடம்பு என்ன ஆகும் என்று யோசித்ததுண்டா? தன் உடம்பையே வைத்து அதைச் சோதித்தவர் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பால் பெர்ட்.

1833-ல் ஒசேர் என்ற ஊரில் பிறந்தார். முதலில் எஞ்சினியரிங் பக்கம் போனார், பிறகு சட்டம் படித்தார், கடைசியில் கிளாட் பெர்னார் என்ற மேதையிடம் உடலியல் கற்றார்.

உயர மலையில் தலைவலியும் வாந்தியும் மயக்கமும் ஏன் வருகிறது? காரணம் தேட, காற்றுப் புகாத இரும்பு அறை ஒன்றைச் செய்தார். தானே உள்ளே உட்கார்ந்துகொண்டு, பம்ப் வைத்துக் காற்றை உறிஞ்சச் சொன்னார். நாடி எகிறியது, குமட்டியது. கொஞ்சம் ஆக்சிஜனை இழுத்ததும் எல்லாம் தெளிந்தது!

விஷயம் இதுதான். எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். ஆனால் கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டராக இருக்கும் காற்றழுத்தம் அங்கே மூன்றில் ஒரு பங்கு. ஆக்சிஜனின் அழுத்தமும் அதே கணக்கில் இறங்கிவிடும். அதை நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளும் வேகம் போதாது.

அவருடைய அறையில் பயிற்சி எடுத்த சிவெல், குரோசே ஸ்பினெல்லி என்ற இருவர், திசாந்தியே என்பவருடன் 1875 ஏப்ரல் 15-ல் 'செனித்' பலூனில் கிளம்பினார்கள். அப்போது வெளியூரில் இருந்த பெர்ட், அவர்கள் கொண்டுபோகும் ஆக்சிஜன் பத்தாது என்று கடிதம் போட்டார். கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை.

இருப்பது கொஞ்சம்தானே, அவசரத்துக்கு வைத்துக்கொள்வோம் என்று மிச்சம் பிடித்தார்கள். அவசரம் வந்தபோது குழாயை எடுக்கக் கை எழும்பவில்லை! 8,000 மீட்டருக்கு மேலே போன பலூன் இறங்கியபோது இருவர் பிணம். பிழைத்த திசாந்தியேவுக்குக் காது போயிற்று. மேலே இருந்தபோது தனக்கு வலியே தெரியவில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது என்று அவர் பின்னால் எழுதினார். ஆக்சிஜன் குறைவின் ஆபத்தே அதுதான். அறிவு மங்குவது அந்த அறிவுக்கே தெரியாது.

பெர்ட் சோர்ந்து உட்காரவில்லை. 1878-ல் ஆயிரம் பக்கத்துக்கு மேற்பட்ட நூலை வெளியிட்டார். 1881-ல் கல்வி மந்திரியானார். 1886-ல் ஹனோயில் காலமானார். இன்று விமானத்துக்குள் காற்றை அழுத்தி வைப்பதும், அழுத்தம் குறைந்தால் முகமூடி விழுவதும் அவர் கண்ட உண்மையின் மேல்தான் நிற்கின்றன.

நாளைக்கு பாய்லர் பக்கத்திலோ கம்ப்ரஸர் பக்கத்திலோ நிற்கப்போகிறவர்கள் நாம். எனக்கு ஒண்ணும் ஆகல, நல்லாத்தான் இருக்கேன் என்று தோன்றும்போதும் கேஜை ஒருமுறை பார்ப்போம், தோழர்களே!