சேர் பொன்னம்பலம் அருணாசலம்

கிரேக்க நாட்டு நிக்கோபொலிஸ் நகரிற் கற்பித்த எபிக்டெட்டஸ் என்னும் ஞானி நூலெதுவும் எழுதினாரல்லர். அவர்தம் போதனைகளை ஏட்டிற் பொறித்து வைத்தவர் மாணாக்கர் அரியன். நம் வசத்துள்ளவை எவை, நம் வசத்தில் இல்லாதவை எவை எனப் பிரித்தறிதலே அப்போதனையின் சாரம். அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய அரியன், உரோமப் பேரரசின் மாகாணமொன்றை ஆண்டவருமாவர். ஆட்சியும் வரலாறும் மெய்ஞ்ஞானமும் ஒருவரிடத்தே கூடுதல் அரிது. நம் நாட்டில் அவ்வாறு கூடப்பெற்றவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் அவர்கள்.

1853ஆம் ஆண்டு கொழும்பிலே பிறந்து, கேம்பிரிட்ஜிற் கற்ற அருணாசலம், 1875இல் போட்டிப் பரீட்சை வாயிலாகச் சிவில் சேவையிற் புகுந்த முதல் இலங்கையராவர். 1901ஆம் ஆண்டின் குடிசனமதிப்பை நடத்திய அவர், அதன் அறிக்கையை வெறுந் தொகைகளாக விடாது, இந்நாட்டு மக்களின் மொழி, சமயம், வழக்கங்களைக் கூறும் வரலாற்றேடாகவே ஆக்கினார். 1906இல் இலங்கைக்கொரு பல்கலைக்கழகம் வேண்டுமென இயக்கங் கண்டார். தஞ்சை ஞானியொருவரை அடுத்து மெய்ப்பொருள் தேறிய அவர், ஆங்கில நண்பர் எட்வேட் கார்ப்பெண்டரையும் அவரிடம் ஆற்றுப்படுத்தினார். திருவாசகப் பாக்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

அவர் கற்ற ஞானத்திற்குச் சோதனை முதுமையிலே வந்தது. 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார். தமிழர் பிரதிநிதித்துவம் குறித்துத் தரப்பட்ட வாக்குறுதி காக்கப்படாதபோது, 1921இல் தாம் வளர்த்த அச்சபையை விட்டு நீங்கினார். பிறர் வாக்குக் காத்தல் அவர் வசத்தில் இல்லை. தம் கடமை தம் வசத்திலிருந்தது. சோர்ந்திராது, 1923இல் இலங்கைத் தமிழ் லீக்கினை நிறுவினார். 1924ஆம் ஆண்டு தை மாதம், தலயாத்திரை சென்றவிடத்து மதுரையிலே இறைவனடி சேர்ந்தார்.

வன்னி மக்களாகிய நாம் 2009இல் வீடிழந்தோம், ஏடிழந்தோம், உற்றாரை இழந்தோம். அவற்றைக் காத்தல் நம் வசத்தில் இருக்கவில்லை. எஞ்சிய கல்வியும் ஒழுக்கமும் நம் வசத்தன. மரநிழலிலே மீண்டும் பாடந் தொடங்கிய ஆசிரியர்கள் அதனை அறிந்திருந்தனர். மாணவர்காள், முதியோர் நினைவிலுள்ள நம் ஊர் வரலாற்றைக் கேட்டெழுதி வைத்தலும் நம் வசத்ததே. அருணாசலத்தை நினைத்தற்கு அதனினும் சிறந்த வழி வேறில்லை.