மானிப்பாய் வைத்தியர் கிறீன்

நமது கல்லூரியில் படித்து, வைத்தியர்களாகவும் தாதியர்களாகவும் உலகின் பல பாகங்களிலும் பணியாற்றும் சகோதரியர் பலர். நோய் உடலை என்ன செய்கிறது என்பதை அவர்கள் கற்றது ஆங்கிலத்தில். அதைத் தமிழிலேயே முழுமையாகக் கற்பிக்கலாம் என்று ஏறக்குறைய 160 ஆண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டியவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

ஆறுமுக நாவலர் பிறந்த அதே 1822ஆம் ஆண்டில், அமெரிக்காவின் வூஸ்ரர் நகரில் கிறீன் பிறந்தார். நியூயோர்க்கில் வைத்தியம் பயின்று, அமெரிக்க மிஷன் வைத்தியராக 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மறு ஆண்டே மானிப்பாயில் பணியைத் தொடங்கினார். அவருடைய சகோதரியர் நியூயோர்க்கில் பெண்கள் பாடசாலை நடத்தியவர்கள் என்பதை அறிய எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

அந்நாளில் பண்ணைப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறையிலோ வேலணையிலோ ஒருவருக்கு வருத்தம் கடுமையானால் தோணியில்தான் ஏற்ற வேண்டும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் இன்றும் கடல் வழிதான். அக்காலத்தில் எல்லோரும் அஞ்சிய நோய் வாந்திபேதி. அது நாட்கணக்கில் காத்திருப்பதில்லை. குடலின் வழியே உடலின் நீரும் உப்பும் கொட்டிப்போக, கண்கள் குழிந்து, கெண்டைக்கால் இழுத்து, குரல் அடங்கி, நாடி தளர்ந்து, சில மணி நேரத்திலேயே உயிர் போகும். எமது மண்ணோ அந்நோய்க்கு இடம் கொடுக்கும் மண். சுண்ணக்கல்லின் வெடிப்புகளூடாக அழுக்கு கிணற்றுக்கு இறங்கிவிடும். தீவுகளில் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்பதால், நன்னீர்க் கிணறு ஒன்றை ஊரே நம்பியிருக்கும். அக்கிணறு கெட்டால் ஊரே கெட்டது.

இக்காரணம் கிறீன் காலத்து வைத்திய உலகுக்குத் தெளிவாகவில்லை. லண்டனில் ஜோன் ஸ்னோ 1854இல் ஒரு தெருக்குழாய் நீரைச் சுட்டிக் காட்டியும் பலர் கெட்ட காற்றையே குற்றம் சொன்னார்கள். அபினும் பாதரசக் குளிசையுமே அந்நாளைய மருந்துகள். இழந்த நீரையும் உப்பையும் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சை என்பது நிலைபெற நெடுங்காலம் சென்றது. எனவே கிறீன் வாந்திபேதியை வென்றார் என்று நாம் எழுத மாட்டோம். அவருடைய பெருமை வேறிடத்தில் உள்ளது.

தொடக்கத்தில் அவரும் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். ஆனால் ஆங்கிலம் கற்ற வைத்தியர் அரசாங்கச் சம்பளத்தை நாடி வெளியூர் போய்விடுவதை அவர் கண்டார். (தீவுக்கு நியமனம் பெற்றவர் இடமாற்றம் கேட்கும் கதை எமக்கும் புதிதல்லவே!) ஊரில் பிறந்து, ஊர் மொழியில் கற்றவர் ஊரிலேயே தங்குவார் என்பது அவர் கணக்கு. விடுமுறையில் தாய்நாடு சென்று 1862இல் மனைவியுடன் திரும்பியபின், வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். மாணவர் தமிழ் உடையையே அணிய வேண்டும் என்றும் விரும்பினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் 60க்கு மேற்பட்டோர்.

மொழி மாற்றினால் போதுமா? புத்தகம் வேண்டும், புத்தகத்துக்குச் சொல் வேண்டும். தாமும் தம் மாணவருமாக அவர் பட்ட பாடு இங்கேதான். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. இவற்றுள் அங்காதிபாதம், கிறே எழுதிய புகழ்பெற்ற உடற்கூற்று நூல். லண்டனில் அது வெளியாகி 14 ஆண்டுகளிலேயே தமிழில் கிடைத்தது. சுகநலம் காக்கும் வழிகளை ‘உற்பாலனம்’ என்றார். இச்சொற்களில் பல இன்று வழக்கில் இல்லை. சில வாய்க்குக் கடினமானவைதான். ஆயினும் எலும்பு முதல் நரம்பு வரை ஒன்றையும் பெயரின்றி விடக்கூடாது என்ற பிடிவாதம் அவற்றில் தெரிகிறது.

குறையும் உண்டு. எமது பரியாரிமாரின் அனுபவ அறிவை அவர் மதித்தாரல்லர். மதம் பரப்புதலும் அவர் நோக்கங்களுள் ஒன்று என்பதை மறைக்கத் தேவையில்லை. இன்னொன்றை நாம் பெண்களாகச் சொல்ல வேண்டும்: பிரசவ நூல் தமிழில் வந்தது, அதைப் படிக்க வகுப்பில் ஒரு பெண்ணும் இருக்கவில்லை. ஆண் வைத்தியரிடம் உடலைக் காட்டக் கூசிய தாய்மாருக்கு அந்நூலின் பயன் எவ்வளவு எட்டியிருக்கும்? இணுவிலில் பெண்களுக்கான மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் திறக்கப்பட்ட பிறகே அந்த வாசல் அகலத் திறந்தது.

உடல்நலம் குன்றி 1873இல் கிறீன் தாய்நாடு திரும்பினார். அங்கிருந்தும் ஓயவில்லை. கையெழுத்துப் பிரதிகள் கப்பலில் போய், திருத்தப்பட்டுத் திரும்பின. மனுஷ சுகரணம் அவ்வாறே 1883இல் நிறைவேறியது. வாந்திபேதியின் கிருமியைக் கல்கத்தாவில் ஆராய்ந்த றொபேட் கொக், 1884இன் தொடக்கத்தில் அதை உலகுக்கு அறிவித்தார். அதே ஆண்டு மே மாதத்தில் கிறீன் வூஸ்ரரில் காலமானார். தமிழருக்கு வைத்திய ஊழியம் செய்தவர் என்பது தம் கல்லறைக் கல்லில் இருக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.