அம்மாவோடு ஆடு புலி ஆட்டம்... கும்பகோணம் வீட்டில் ராமானுஜன் வளர்ந்த கதை!

கணித மேதை ராமானுஜன் என்றதும் 1729 என்ற எண், கேம்பிரிட்ஜ், பேராசிரியர் ஹார்டி... இதெல்லாம் உடனே ஞாபகம் வரும். ஆனா, சின்ன வயசுல அவருக்கு எதிரே உட்கார்ந்து காய் நகர்த்தியது யார் தெரியுமா? அவரோட அம்மா கோமளத்தம்மாள். இருவரும் விரும்பி ஆடியது நம்ம ஊர் ஆடு புலி ஆட்டம்.

தெருவுக்குப் போகாத பையன்

ராமானுஜன் பிறந்தது 1887 டிசம்பர் 22, ஈரோட்டில், அம்மாவின் பிறந்த வீட்டில். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில், திண்ணை வைத்த சின்ன ஓட்டு வீட்டில். அப்பா சீனிவாச ஐயங்கார் ஜவுளிக்கடை குமாஸ்தா. மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். பகல் முழுக்க கடையிலேயே இருப்பார். அம்மா கோயிலில் பஜனை பாடி கொஞ்சம் சம்பாதிப்பார். அதுவும் போதாமல், வீட்டில் கல்லூரி மாணவர்களைத் தங்க வைத்துச் சாப்பாடு போட்டார்கள்.

ராமானுஜனுக்கு இரண்டு வயதில் பெரியம்மை வந்தது, பிழைத்துக்கொண்டார். அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தையிலேயே இறந்துபோனார்கள். அடுத்த தம்பி பிறந்து தங்கியது 1898-ல்தான். அதாவது, பத்து வயது வரை வீட்டில் அவர் ஒரே பிள்ளை.

மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், மிச்சமிருந்த மகனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தார். பையன் தெருவில் போய் ஓடி விளையாடுவது ரொம்பக் குறைவு. கூட ஆட அண்ணன் தம்பியும் இல்லை. அதனால் அம்மாவே விளையாட்டுத் துணை ஆனார்.

ஆட்டம் எப்படி?

தரையில் சாக்பீஸால் மலை போல ஒரு முக்கோணம், குறுக்கே கோடுகள். பரவலாக வரையும் கட்டத்தில் கோடுகள் சந்திக்கும் புள்ளிகள் 23. ஒருவருக்கு 3 புலி, இன்னொருவருக்கு 15 ஆடு. காய்க்குக் கூழாங்கல், புளியங்கொட்டை எது கிடைச்சாலும் போதும்.

ஆடுகளை ஒவ்வொன்றாகத்தான் கட்டத்தில் இறக்க வேண்டும். எல்லாம் இறங்கிய பிறகே நகர்த்தலாம். பக்கத்தில் இருக்கும் ஆட்டுக்கு நேர் பின்னால் இடம் காலியாக இருந்தால் புலி தாண்டி வெட்டிவிடும். மூன்று புலியும் நகர வழியில்லாமல் அடைபட்டால் ஆடு ஜெயிச்சாச்சு. ஊருக்கு ஊர் விதிகளில் சின்னச் சின்ன மாற்றம் இருக்கும்.

தாயம், பரமபதம் மாதிரி இதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் கிடையாது. ஒரு ஆடுகூட வெட்டுப்படாமல் எல்லாம் இறங்கினால் 18 காய், மீதி 5 புள்ளிதான் காலி. அந்த ஐந்தை வைத்து நாலு நகர்வு முன்கூட்டியே யோசிக்கணும். தாயும் மகனும் இதில் கெட்டிக்காரர்கள் என்று அவரைப் பற்றிய வாழ்க்கை வரலாறு சொல்கிறது.

இந்த விளையாட்டுதான் அவரைக் கணித மேதை ஆக்கியது என்று சொல்ல முடியாது. அதே ஆட்டத்தை ஆடிய லட்சக்கணக்கான பேர் ராமானுஜன் ஆகவில்லை. ஆனால், பணம் இல்லாத அந்த வீட்டில் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து யோசிக்க ஒருவர் இருந்தார் என்பது உண்மை.

முதலிடமும் தோல்வியும்

1897-ல் ஆரம்பப் பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதலிடம். அடுத்து டவுன் ஹைஸ்கூல். மாயச் சதுரங்களைப் போட்டுப் பார்த்தது இந்தப் பள்ளி நாட்களில்தான் என்கிறார்கள். எந்தப் பக்கம் கூட்டினாலும் ஒரே தொகை வரும் எண் கட்டங்கள் அவை. அவரது கணித நோட்டுப் புத்தகங்களில் முதல் அத்தியாயமே இதுதான்.

1904-ல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரி. கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்காததால் உதவித்தொகை போனது. வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் ஓடினார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. தேர்வில் தோல்வி.

1909-ல் அம்மா பார்த்து முடித்த பெண் ஜானகியுடன் கல்யாணம். 1912-ல் சென்னை துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை. 1913 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடிதம் எல்லாவற்றையும் மாற்றியது.

கடல் தாண்டிப் போனால் சாதிக்கு ஆகாது என்று நினைத்த காலம். அம்மா மறுத்தார். பிறகு, நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னதாகச் சொல்லி சம்மதித்தார் என்பது குடும்பத்தில் வழங்கும் கதை. 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார்.

சமையலுக்கு நடுவே விடை

அதே வருடம் டிசம்பர். ராமானுஜன் தன் அறையில் காய்கறி வதக்கிக்கொண்டிருந்தார். நண்பர் மகலனோபிஸ் ஒரு பத்திரிகைப் புதிரைப் படித்துக் காட்டினார். தெருவில் வீடுகளுக்கு 1 முதல் வரிசையாக எண். ஒரு வீட்டுக்கு இடப்பக்க எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கக் கூட்டுத்தொகையும் சமம். மொத்த வீடுகள் 50-க்கு மேல், 500-க்குள். அது எத்தனையாவது வீடு?

விடை, 288 வீடுகளில் 204-வது. கரண்டியைக் கீழே வைக்காமலே, இது போன்ற எல்லா விடைகளையும் தரும் தொடர் பின்னத்தையே ராமானுஜன் சொல்லிவிட்டார். சின்னதாகச் சரிபார்க்கணுமா? 8 வீடு உள்ள தெருவில் 6-வது வீட்டை எடுத்துக்கோங்க. இரண்டு பக்கமும் 15 வரும்.

ஜானகி எங்கே?

போர்க்காலம், குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு, 1917-ல் நோய். ஊரிலிருந்து கடிதமும் சரியாக வரவில்லை. கணவனுக்கும் தனக்கும் இடையே போன கடிதங்களை மாமியார் தடுத்துவிட்டார் என்று ஜானகி பிற்காலத்தில் சொன்னார். பிள்ளையைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்த அதே அம்மாதான்.

1918-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1919 மார்ச்சில் பம்பாயில் வந்து இறங்கினார். அம்மாவும் தம்பியும் வந்திருந்தார்கள். ஜானகி எங்கே என்பதுதான் அவர் முதலில் கேட்டது. பிறகு சென்னையில் ஜானகி வந்து சேர்ந்தார், கடைசி வரை பார்த்துக்கொண்டார். படுக்கையிலும் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் 32 வயதில் இறந்தார். மகன் போன பிறகும் அம்மா உயிரோடு இருந்தார்.

இப்போது அந்த வீடு

சாரங்கபாணி கோயிலுக்குப் போகிறவர்கள் அந்தத் தெருவிலேயே வீட்டைப் பார்க்கலாம். சாஸ்திரா பல்கலைக்கழகம் அதை நினைவில்லமாகப் பராமரிக்கிறது. அவர் பிறந்த நாளான டிசம்பர் 22, தேசிய கணித தினம்.

ஆடு புலி ஆட்டத்துக்கு சார்ஜும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். ஒரு சாக்பீஸ், 18 காய், எதிரே உட்கார ஒருத்தர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஆடிப் பாருங்க. முதல் ஆட்டத்தில் ஆடு உங்க அம்மாவுக்கு, புலி உங்களுக்கு. பெரும்பாலும் அம்மாதான் ஜெயிப்பாங்க.