துயரில்லா நகரைப் பாடிய ரவிதாசர்

காசியில் தோல் தொழில் செய்யும் சமார் குலத்திற் பிறந்தவர் ரவிதாசர். காலம் 15, 16ஆம் நூற்றாண்டுகள் என்பர். இறந்த மாடுகளைச் சுமப்போரே தம் சுற்றத்தார் என்பதைத் தம் இந்திப் பாடல்களில் ஒளியாது உரைத்தார். வரியும் அச்சமும் இன்றி, இரண்டாமவர் மூன்றாமவர் என்னும் தாழ்வுமின்றி, எவரும் எங்கும் உலவும் நகரொன்றைப் பாடினார். அதற்குத் துயரில்லா ஊர் எனப் பொருள்படும் ‘பேகம்புரா’ என்று பெயரிட்டார். சீக்கியரின் குரு கிரந்த சாகிப்பில் அவருடைய பாடல்கள் ஏறத்தாழ 40 உள்ளன.

பின்வந்த கதைகளோ, அவர் முற்பிறவியில் பிராமணரென்றும், மார்பைக் கீறி உள்ளிருந்த பூணூலைக் காட்டினாரென்றும் புனைந்தன. தீயில் மூழ்கிப் பூணூலோடு எழுந்ததாகச் சொல்லப்படும் நந்தனார் கதையும் இத்தகையதன்றோ? டாக்டர் அம்பேத்கர், தீண்டப்படாதார் யாவர் என ஆராய்ந்து 1948இல் வெளியிட்ட நூலை நந்தனார், ரவிதாசர், சோகாமேளர் ஆகிய மூவர் நினைவுக்கே உரித்தாக்கினார். பூணூற் கதையை விடுத்து, ரவிதாசர் பாடிய நகரையே நாம் நெஞ்சிற் கொள்வோமாக.