லீவர் பிரபுவும் அவர்தம் வியாபார முத்திரையும்

நிலத்துக்குப் பட்டாவும் வீட்டுக்குக் கிரயப் பத்திரமும் எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டும் வியாபாரி, அவ்விரண்டையும் தனக்கு ஈட்டித்தந்த தன் சரக்கின் பெயருக்கு யாதொரு பத்திரமும் இன்றியே காலங்கழித்து விடுகின்றான். நம்மவருள் பெரும்பாலோர் நிலைமை இதுவேயாகும். கண்ணுக்குப் புலப்படும் பொருளே சொத்து என்றும், பெயர் வெறுங்காற்று என்றும் நாம் எண்ணி வந்ததே இதற்குக் காரணம். பெயரும் ஒரு சொத்தே என்பதனையும், அதனைக் காக்கும் வகையினையும் தம் வாழ்க்கையால் உலகுக்குக் காட்டியவர் ஸன்லைட் சவுக்காரத்தின் அதிபராகிய வில்லியம் ஹெஸ்கத் லீவர் என்னும் ஆங்கிலக் கனவான். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கமாக எழுதப் புகுகின்றோம்.

லீவர் 1851-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 19-ஆம் தேதி இங்கிலாந்து தேசத்தில் லங்காஷயரைச் சார்ந்த போல்ட்டன் நகரில் ஜனித்தார். தந்தையார் ஜேம்ஸ் லீவர் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். மக்கள் பதின்மருள் ஏழாமவர் நம் லீவர், புதல்வருள் மூத்தவர். 1867-ல், தமது பதினாறாம் பிராயத்தில், தந்தையார் கடையிலேயே தொழில் பழகச் சேர்ந்தார். முதலாளியின் மகனென்ற சலுகை யாதொன்றும் அவருக்கு இல்லை. சர்க்கரைக் கட்டிகளை உடைப்பதும், சவுக்காரத்தை அறுத்துக் காகிதத்திற் சுற்றுவதுமே அவருக்கு முதலில் வாய்த்த வேலைகள். 1872-ல் கடையின் பங்காளியாயினார். 1874-ல் எலிஸபெத் ஹூல்ம் என்னும் நங்கையை மணந்தார்.

அக்காலத்துச் சவுக்கார வியாபாரத்தின் இயல்பை இங்கே அறிந்துகொள்ளுதல் வேண்டும். சவுக்காரம் நீண்ட பாளங்களாகக் கடைக்கு வரும். வாங்குவோர் கேட்ட அளவுக்கு மளிகைக்காரர் துண்டு போட்டு நிறுத்துக் கொடுப்பார். செய்தவர் யார் என்பது வாங்குவோருக்குத் தெரியாது. நல்ல சரக்கைச் செய்தவனுக்கும் மட்டச் சரக்கைச் செய்தவனுக்கும் சந்தையில் ஒரே மதிப்புத்தான். லீவர் இதனைக் கண்டு, சவுக்காரத்துக்குத் தனிப்பெயர் இட்டு விற்கக் கருதி, முதலில் தேன் என்னும் பெயரை வைத்தார். ஆயினும் தேன் என்பது எல்லார்க்கும் பொதுவாகிய சொல். பிற வியாபாரிகளும் அதனைத் தங்குதடையின்றி வழங்கலாயினர். பொதுச்சொல்லை ஒருவர் தமதென்று வேலியிட்டுக்கொள்ள இயலாது என்னும் உண்மையை அவர் அனுபவத்தால் அறிந்தார்.

இங்கிலாந்தில் வியாபார முத்திரைகளைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1875-ல் ஏற்பட்டது. பதிவேடு 1876 ஜனவரி முதல் தேதியில் திறக்கப்பட்டது. சிவப்பு முக்கோணமாகிய பாஸ் கம்பெனியாரின் முத்திரை அதில் முதலாவதாக ஏறிற்று. அச்சட்டத்தின்படி, படமோ விசேஷ வடிவமோ இன்றித் தனிச்சொல்லை மாத்திரம் புதிதாகப் பதிவு செய்தல் அரிதாயிருந்தது. 1883-ல் இயற்றப்பட்டு 1884 ஜனவரியில் அமுலுக்கு வந்த புதிய சட்டமோ, புனைந்து இட்ட சொல்லையும் முத்திரையாகப் பதிந்துகொள்ளலாமென்று வழிதிறந்தது.

அவ்வாண்டிலேயே லீவர் லிவர்ப்பூல் நகரில் இத்தொழிலில் தேர்ந்த ஏஜெண்டு ஒருவரை நாடினார். ஏஜெண்டு சில பெயர்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அவற்றுள் ஒன்றும் லீவர் மனத்துக்கு முதலிற் பிடிக்கவில்லை. சில நாள் அத்தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சிந்தித்தபின், சூரிய ஒளி என்று பொருள்படும் ஸன்லைட் என்னும் பெயரே தமக்கு ஏற்றதென்று துணிந்தார். துணிந்த மாத்திரத்தில், வேறொருவர் முந்திக்கொள்வாரோ என்னும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. உடனே விரைந்து சென்று அப்பெயரைப் பதிவு செய்வித்தார். சரக்குப் பெயரெடுத்த பின்னர்ப் பதிவுக்கு ஓடாமல், பதிந்து வைத்துக்கொண்டே பெயரெடுக்கப் புறப்பட்டார் என்பதே இதில் நாம் கவனிக்கத் தக்கது.

ஆரம்பத்தில் சவுக்காரம் அவர் பெயரால் பிறரிடம் செய்து வாங்கப்பட்டது. தரம் ஒரேசீராக இல்லாமை கண்டு, 1885-ல் வாரிங்டன் என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையைக் குத்தகைக்கு எடுத்து, தம்பி ஜேம்ஸுடன் கூடித் தாமே காய்ச்சத் தொடங்கினார். கொழுப்போடு தேங்காய், பருத்திவிதை முதலிய தாவர எண்ணெய்களையும் சேர்த்து, நுரை மிகும் சவுக்காரம் செய்து, அளவாக வெட்டிக் காகிதஞ்சுற்றி, முத்திரையோடு வெளியிட்டார். பெயர் எவருடையதோ அவரே தரத்துக்கும் பிணையாளி என்று அவர் கொண்டார் போலும். 1888-ல் மெர்ஸி நதிக்கரையில் பெரிய ஆலையும், தொழிலாளருக்குத் தோட்டத்துடன் கூடிய வீடுகளும் எழும்பலாயின. அவ்வூருக்கு இடப்பட்ட பெயர் போர்ட் ஸன்லைட். ஒரு வியாபார முத்திரையே ஓர் ஊரின் பெயராயிற்று. அதே ஆண்டில் அச்சவுக்காரம் கல்கத்தாத் துறையிலும் வந்திறங்கியது.

ஆயினும் சட்டத்தால் காக்கப்பட்ட பெயரும் ஒருநாள் ஆட்டங்கண்டது. 1906-ல் மூலப்பொருள்களின் விலை ஏறியபோது, விலையைக் கூட்டாமல், பதினாறு அவுன்ஸுக் கட்டியைப் பதினைந்து அவுன்ஸாகக் குறைத்தார். அச்சமயமே சவுக்காரச் சாலைக்காரர் பலரைச் சேர்த்து ஒரு கூட்டுறவும் வகுத்தார். டெய்லி மெயில் முதலிய பத்திரிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின; ஜனங்கள் சினந்தனர்; விற்பனை வீழ்ந்தது; கூட்டும் கலைந்தது. 1907-ல் அவதூறு வழக்கில் 50,000 பவுன் நஷ்ட ஈடு பெற்று அவர் மானத்தை மீட்டார் என்பது உண்மையே. எனினும் ஓர் அவுன்ஸு குறைந்ததனால் இருபதாண்டுகளில் வளர்ந்த நம்பிக்கை எத்துணை விரைவில் தளர்ந்தது என்பதை நம் வியாபாரிகள் மறத்தலாகாது. பதிவேடு பிறர் களவினின்று பெயரைக் காக்கும். உடையவன் செய்யும் குறையினின்று காக்க அதனால் ஆகாது.

லீவர் 1917-ல் பிரபுப் பட்டம் பெற்று, இறந்துபோன மனைவியாரின் குடிப்பெயரையும் தம் பெயரோடு இணைத்து லீவர்ஹூல்ம் பிரபு ஆயினார். 1911 முதல் காங்கோ நாட்டில் அவர் நடத்திய பனையெண்ணெய்த் தொழிலில் கறுப்பு மக்கள் பலவந்த வேலைக்கு உள்ளாயினர் என்னும் பழி அவர் சரித்திரத்தில் அழியாக் கறையாக நிற்கின்றது. 1925 மே 7-ல் அவர் காலமானார். 1929-ல் அவர் கம்பெனி டச்சுக் கம்பெனியொன்றுடன் இணைந்து யூனிலீவர் ஆயிற்று.

இனி நம்மவர் கொள்ளத்தக்கது யாது? நம் தேசத்தில் இதற்கெனச் சட்டம் 1940-ல் ஏற்பட்டது. இப்போது நடப்பது 1999-ஆம் ஆண்டுச் சட்டம். பதிவு பத்தாண்டு செல்லும். பின்னரும் பத்துப் பத்தாண்டாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். சென்னையிலேயே பதிவு அலுவலகம் உண்டு. கடை லைசென்ஸும் வரிப்பதிவும் பெயருக்கு உரிமை தாரா. பதியாத பெயருக்கும் வழக்காட வழியுண்டெனினும், நெடுநாள் வழங்கியதைக் கணக்கும் சாட்சியும் கொண்டு மெய்ப்பிக்கும் பாரம் நம் தலைமேல் விழும். சுத்தமான நல்லெண்ணெய் என்பதுபோலச் சரக்கின் குணத்தையே கூறும் சொல் பொதுவாகப் பதிவுக்கு ஏலாது. ஆதலின் தனித்த பெயர் தேடுதல் வேண்டும்.

தகப்பனார் நாற்பதாண்டு உழைத்துத் தேடிய கடைப்பெயரைப் பாகப்பிரிவினைக்குப் பின் அண்ணன் ஒரு தெருவிலும் தம்பி மறு தெருவிலும் தொங்கவிட்டுக்கொண்டு, இருவருக்கும் பயனின்றிக் கோர்ட்டு ஏறியிறங்கும் காட்சி நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. பெரியோர் உயிரோடிருக்கும்போதே பெயரைப் பதிந்து, அது யாரைச் சாரும் என்றும் எழுதி வைப்பாராயின், அக்குடும்பங்களில் செல்வத்தோடு சகோதர வாஞ்சையும் நிலைபெறும். நம் இளைஞர் லீவரிடம் அவர் விரைவைக் கற்றுக்கொள்வாராக. அந்த ஓர் அவுன்ஸையும் நினைவில் வைப்பாராக.