நாஷ்வில்லில் தோற்ற அந்த மேட்ச்

மக்களே, வில்மா ருடால்ஃப் கதை உங்களுக்குத் தெரியும். பேர் ஞாபகம் இல்லைன்னாலும் கதை தெரியும். சின்ன வயசில் போலியோ, காலில் இரும்புப் பட்டை, நடக்கிறதே கஷ்டம் என்ற டாக்டர், அப்புறம் ஒலிம்பிக்கில் மூணு தங்கம். மோட்டிவேஷன் செஷன் எடுக்க வர்றவங்க ஸ்லைடில் ஒரு தடவையாவது பார்த்திருப்பீங்க. அந்த ஸ்லைடில் இரும்புப் பட்டைக்கு அடுத்த படமே ரோம் மைதானம்தான். நடுவில் ஒரு எட்டு வருஷத்தைக் காணோம்.

அந்த எட்டு வருஷத்தில் ஒரு ஸ்கூல் பேஸ்கெட்பால் டீம் இருக்கு. ஒரு ஸ்டேட் டோர்னமென்ட் இருக்கு. அதில் ஒரு தோல்வியும் இருக்கு. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

முதலில் இடம். அமெரிக்காவின் தெற்கே டென்னசி. அவ்வளவு பெரிய மாநிலம் எல்லாம் இல்லை, பரப்பளவில் 50-ல் 36ஆவது இடம். அதில் கிளார்க்ஸ்வில் என்ற ஊர். 1940 ஜூன் 23 அன்று அந்த ஊர்ப் பக்கத்தில் குறைமாதக் குழந்தையாக வில்மா பிறந்தார். எடை ரெண்டு கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்ளோதான். அப்பாவுக்கு இரண்டு திருமணங்கள். மொத்தம் 22 பிள்ளைகளில் வில்மா 20ஆவது. அப்பா ரயில்வேயில் போர்ட்டர், அம்மா வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை பார்த்தவர்.

நிமோனியா, ஸ்கார்லெட் காய்ச்சல், அதன் மேல் போலியோ. இடது கால் இழுத்துக்கொண்டது. கருப்பின மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் மெஹாரி மருத்துவக் கல்லூரி நாஷ்வில்லில் இருந்தது, சுமார் 80 கிலோமீட்டர். அம்மா வாராவாரம் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் பின் சீட்டுதான், அதுதான் அன்றைய சட்டம். மற்ற நாட்களில் வீட்டில் அம்மாவும் அண்ணன் அக்காக்களும் முறை போட்டுக் காலைப் பிடித்துவிட்டார்கள். 12 வயதுக்குள் பட்டை, சிறப்பு ஷூ எல்லாவற்றையும் கழற்றி வைத்தாயிற்று. ஸ்லைடு இங்கேதான் ரோமுக்குத் தாவும். நாம தாவ வேண்டாம்.

வில்மா படித்தது பர்ட் ஹை ஸ்கூல். கருப்பினப் பிள்ளைகளுக்கு மட்டுமான பள்ளி. அக்கா யுவோன் ஏற்கனவே பேஸ்கெட்பால் டீமில். தங்கைக்கும் ஆட ஆசை, ஆனால் கோச் கிளின்டன் கிரே கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் அப்பா ஒரு கண்டிஷன் போட்டார்: பெரியவள் ஆடணும்னா சின்னவளையும் சேர்த்துக்கணும். ஆக, வில்மா டீமுக்குள் வந்தது திறமையைக் காட்டி இல்லை, அப்பா சிபாரிசில்! டீமில் எடுத்தாரே தவிர கோச் ஆட விடலை. மேட்ச் மேட்ச்சாக பெஞ்ச்தான். நம்ம காலேஜ் டீமில் ஜெர்சி மட்டும் வாங்கிட்டு மூணு வருஷம் தண்ணி பாட்டில் தூக்கினவங்களுக்கு இந்த வலி புரியும்.

அவர் கோச்சை விடவில்லை. எங்கே திரும்பினாலும் குறுக்கே வந்து நின்றதால் கிரே வைத்த பட்டப்பெயர் 'ஸ்கீட்டர்', அதாவது கொசு. ஒருவழியாக ஆடும் டீமில் இடம் கிடைத்ததும் கொசு கடிக்க ஆரம்பித்தது. நம்ம கணக்கில் பத்தாம் வகுப்பு. அந்த ஒரு சீசனில் 25 மேட்ச், 803 புள்ளிகள். பெண்கள் பள்ளி பேஸ்கெட்பாலில் அது புது ரெக்கார்டு. சராசரி போட்டுப் பாருங்க, மேட்ச்சுக்கு 32.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை விளக்கணும். ஸ்டேட் சாம்பியன் என்றால் மாநிலத்தில் உள்ள எல்லாப் பள்ளிகளையும் ஜெயித்த டீம் என்று நினைப்போம். அன்றைய டென்னசியில் அப்படி இல்லை. வெள்ளையர் பள்ளிகளுக்குத் தனி சாம்பியன்ஷிப், கருப்பினப் பள்ளிகளுக்குத் தனி சாம்பியன்ஷிப். ஒரே ஊரில் நாலு தெரு தள்ளி இருக்கும் ரெண்டு பள்ளிகள் ஒரு தடவை கூட மோதிக்கொள்ளாமல் சீசன் முடியும். பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954-லேயே தீர்ப்பு சொல்லியாச்சு. மைதானத்துக்கு அந்தத் தீர்ப்பு வந்து சேர இன்னும் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது. கதவு திறந்த கொஞ்ச நாளிலேயே, 1966-ல், நாஷ்வில்லின் பேர்ல் ஹை ஸ்கூல் ஆண்கள் டீம் ஒரு மேட்ச் கூடத் தோற்காமல் ஸ்டேட் பட்டத்தை எடுத்தது. அதுவரைக்கும் அச்சான சாம்பியன் பட்டியலில் எத்தனை வருஷத்துக்கு உண்மையான சாம்பியன் பேர் இருக்கிறது என்று யாரும் சொல்ல முடியாது. ஆடவே விடாதபோது எப்படித் தெரியும்?

சரி, பர்ட் டீமுக்கு வருவோம். கருப்பினப் பள்ளிகளுக்கான ஸ்டேட் டோர்னமென்ட்டுக்காக வில்மாவின் டீம் நாஷ்வில் போனது. பெரிய எதிர்பார்ப்பு. பட்டம் கிடைக்கவில்லை, பாதியிலேயே தோற்று வெளியே வந்தார்கள். அவ்வளவு புள்ளி அடித்த சீசன் அப்படி முடிந்ததில் 15 வயதுப் பெண்ணுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்!

ஆனால் அங்கே விசில் ஊதிக்கொண்டிருந்த ரெஃப்ரிகளில் ஒருவர் எட் டெம்பிள். டென்னசி ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பெண்கள் ஓட்டப்பந்தய கோச். அதுவும் கருப்பினத்தவருக்கான பல்கலைக்கழகம். பெண்களுக்கு ஓட்டப்பந்தய டீம் வைத்திருந்த கல்லூரிகளே அன்றைய அமெரிக்காவில் கொஞ்சம்தான். டெம்பிள் தன் டீமைச் சொந்தக் காரில் ஏற்றிக்கொண்டு மீட் மீட்டாகப் போனவர். அவர் ஸ்கோரைப் பார்க்கவில்லை. கோர்ட்டில் அந்த ஒல்லிப் பெண் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தார். கோடைப் பயிற்சிக்கு வரச் சொல்லிக் கூப்பிட்டார்.

அவர் கருப்பின டோர்னமென்ட்டின் ரெஃப்ரியாக இருந்ததால்தான் வில்மாவைப் பார்த்தார், ஆகவே அந்தப் பிரிவினையிலும் ஒரு நன்மை என்று யாராவது முடிச்சுப் போடலாம். எனக்கு அது சரியாகப் படலை. டெம்பிள் ஒரு ஆள். அவருடைய டீமில் இருக்கும் இடமும் எண்ணி வைத்த இடம். அந்த வருஷம் டென்னசியில் ஓடிய மற்ற கருப்பினப் பெண்களை யார் பார்த்தார்கள்?

ஓட்டத்துக்கு வந்ததும் எல்லாம் ஜெயம் என்றும் நினைக்காதீங்க. 1956 வசந்தத்தில் அலபாமாவின் டஸ்கிகியில் ஒரு பெரிய மீட். வில்மா ஓடிய ஒவ்வொரு ரேஸிலும் தோல்வி. ஸ்டார்ட் எடுக்கத் தெரியாது, மூச்சைப் பிரித்து ஓடத் தெரியாது. பள்ளியில் ஓட்டம் என்பது பேஸ்கெட்பால் இல்லாத மாதங்களில் பொழுது போக்குவது, அவ்வளவே. கோடையில் டெம்பிளின் கேம்ப்பில் மைல் கணக்கில் ஓடவிட்டுத்தான் அடிப்படையே கற்றுக்கொடுத்தார்கள். அதே வருஷக் கடைசியில் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 16 வயது வில்மா 200 மீட்டரில் முதல் சுற்றுகளோடு வெளியேறினார், 4x100 ரிலேயில் வெண்கலம் வாங்கினார். வெண்கலத்தோடு திரும்பி வந்து மறுபடி பர்ட் பள்ளி பெஞ்சில் உட்கார்ந்து பாடம் படித்தார்.

1958-ல், பள்ளி முடித்த கையோடு, மகள் யோலண்டா பிறந்தாள். குழந்தை உள்ளவர்களை டீமில் எடுப்பதில்லை என்பது டெம்பிளின் விதி. வில்மாவுக்காக அதைத் தளர்த்தினார். குழந்தையைக் குடும்பம் பார்த்துக்கொள்ள, அவர் டென்னசி ஸ்டேட் போனார். முழு ஸ்காலர்ஷிப் எதுவும் கிடையாது. தினமும் கேம்பஸில் வேலை செய்து ஃபீஸ் கட்டணும், அதுக்கப்புறம்தான் பிராக்டிஸ்.

ரோம் உங்களுக்குத் தெரிஞ்ச பகுதி, சீக்கிரம் சொல்லிடறேன். 1960 செப்டம்பர். 100 மீட்டர் 11.0 வினாடி, காற்று வேகம் அனுமதித்த 2 மீட்டரைத் தாண்டியதால் உலக சாதனையாக ஏறலை. 200 மீட்டரிலும் தங்கம். ரிலேயில் கடைசிப் பெண்ணான வில்மாவுக்குப் பேட்டன் கைமாறும்போது தடுமாறியது, இருந்தும் ஜெர்மனியைப் பிடித்துத் தாண்டினார். அந்த நாலு பேருமே டெம்பிளின் டென்னசி ஸ்டேட் மாணவிகள். ஒரே ஒலிம்பிக்கில் ஓட்டத்தில் மூணு தங்கம் வாங்கிய முதல் அமெரிக்கப் பெண் வில்மா.

ஊர் வரவேற்பு கொடுக்க நினைத்தது. மாநில கவர்னர் பஃபோர்ட் எலிங்டன், பிரிவினை வேணும் என்று சொல்லியே தேர்தலில் ஜெயித்தவர். வழக்கப்படி வெள்ளையருக்குத் தனி இடம், கருப்பினத்தவருக்குத் தனி இடம் என்றுதான் ஏற்பாடு. வில்மா அப்படி என்றால் வரமாட்டேன் என்றார். வயசு 20. கையில் மூணு மெடல், அக்கவுன்ட்டில் ஒண்ணும் இல்லை. அது அமெச்சூர் காலம், ஓடிச் சம்பாதிக்க முடியாது. ஆனாலும் ஊர் இறங்கி வந்தது. 1960 அக்டோபர் 4 அன்று கிளார்க்ஸ்வில்லில் ஊர்வலமும் விருந்தும் எல்லோருக்கும் பொதுவாக நடந்தன. அந்த ஊரின் சரித்திரத்தில் அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. விருந்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அந்த மெடல்களைவிட எனக்கு இந்தச் சாப்பாடுதான் பெரிசாத் தெரியுது. அதே ஊரில் ரெண்டரை வருஷம் கழித்து, 1963-ல், கருப்பினத்தவரை உள்ளே விடாத ஒரு உணவகத்தின் முன்னால் வில்மாவே போராட நிற்க வேண்டியிருந்தது என்பதும் உண்மை.

1962-ல் ஓட்டத்தை விட்டார். 1963-ல் டிகிரி முடித்து ஊருக்கு வந்து சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகவும், பர்ட் பள்ளியில் ஓட்டப்பந்தய கோச்சாகவும் வேலை செய்தார். பல வருஷம் எந்த கோச்சின் கண்ணில் பட வேண்டும் என்று சுற்றிச் சுற்றி வந்தாரோ, அதே பள்ளி மைதானத்தில் இப்போது விசில் இவர் கையில். ரொம்ப நாள் நீடிக்கலை; வருமானம் போதாமல் ஊர் ஊராக வேலை தேடிப் போனார். 1994 நவம்பர் 12-ல் மூளைப் புற்றுநோயால் இறந்தபோது வயசு 54.

இன்று கிளார்க்ஸ்வில்லுக்குள் நுழையும் பெரிய ரோட்டுக்கு வில்மா ருடால்ஃப் பெயர். பர்ட் இப்போது ஹை ஸ்கூல் இல்லை. பிரிவினை ஒழிந்தபோது அந்த மாணவர்களை வேறு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள், அதோடு அந்த டீமும் முடிந்தது.