மார்பு அழுத்த முதலுதவியும் வில்லியம் கோவென்ஹோவனும்

விழுப்புரம், திண்டிவனம் பகுதிகளில் பம்ப்செட் கொட்டகையில் மின்சாரம் தாக்கி ஒருவர் விழுந்தால், உடனிருப்போர் பெரும்பாலும் வண்டி தேடி ஓடுகின்றனர். அந்நேரத்தில் அவரைக் காக்கக்கூடிய மார்பு அழுத்த முறை, மின்விபத்து மரணங்களைப் பற்றிய ஆய்விலிருந்தே பிறந்தது. அதற்கு வழிவகுத்த கோவென்ஹோவன் மருத்துவர் அல்லர், மின்பொறியாளர்.

அவர் 1886இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தார். ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். மின்கம்பிப் பணியாளர்கள் மின்சாரம் தாக்கி இறப்பதன் காரணத்தை 1920களின் பிற்பகுதியில் ஆராயத் தொடங்கினார். தாறுமாறாகத் துடிக்கும் இதயத்தை மற்றொரு மின்னதிர்ச்சியால் சீராக்கலாம் என அவருடைய குழு நாய்களில் கண்டறிந்தது.

அக்காலத்தில் இதயம் நின்றால் மார்பைக் கீறித் திறந்து, கையால் பிசைவதே வழக்கம். 1958இல், மின்னதிர்ச்சி தரும் கனமான தகடுகளை நாயின் மார்பில் அழுத்தியபோதே இரத்த அழுத்தம் உயர்வதை அவருடைய மாணவர் கை நிக்கர்பாக்கர் கவனித்தார். அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜேம்ஸ் ஜூடும் இணைய, 1960இல் மூவரும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதில் கூறப்பட்ட 20 நோயாளிகளுள் 14 பேர் பிழைத்தனர். அவர்கள் மருத்துவமனைச் சூழலில் உடனடி உதவி பெற்றவர்கள். வீட்டில் அதே அளவு பலனை எதிர்பார்க்க இயலாது. எனினும் அழுத்தாமல் காத்திருந்தால் வாய்ப்பு நிமிடத்துக்கு நிமிடம் குறையும்.

1969இல், 83ஆம் வயதில், அப்பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் வழங்கியது. 1975இல் அவர் மறைந்தார்.

அவர்கள் கூறிய வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 அழுத்தங்கள். இன்றைய பரிந்துரை 100 முதல் 120. பெரியவர்களுக்கு ஆழம் 5 முதல் 6 செ.மீ. பலரும் விலா எலும்பு முறியுமோ என அஞ்சி மெதுவாக அழுத்துகின்றனர். முறிந்த எலும்பு கூடிவிடும். இரத்தம் செல்லாத மூளை மீளாது.

மின்விபத்தாயின் மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே தொடவும். அழைத்தும் அசைவின்றி, இயல்பான மூச்சும் இல்லையெனில் 108ஐ அழைக்கச் செய்து, உடனே தொடங்கவும். விட்டுவிட்டு வரும் ஏக்கமூச்சு இயல்பான மூச்சு அன்று. கட்டிலில் அன்றி, தரையில் மல்லாக்கக் கிடத்தவும். மார்பெலும்பின் கீழ்ப்பாதியில் உள்ளங்கையின் அடிப்பகுதியை ஊன்றி, மறுகையை அதன்மேல் வைத்து, முழங்கை மடங்காமல் உடல் எடையால் அழுத்தவும். ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக எழும்ப விடவும்.

கிராமத்திலிருந்து திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்ல நேரமாகும். இருவர் இருப்பின் இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி அழுத்தி, 108 பணியாளர் பொறுப்பேற்கும் வரை தொடரவும்.